கத்தி செய்யப் புதிதாக வந்தவர்கள்: அறிமுகத்தின்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகக் கத்தி செய்பவர் ஒருவர், அதே பித்துப் பிடித்த மற்றவர்களிடம் முதன்முதலாகத் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. சிலவற்றைப் புதியவர் கேட்பார். சிலவற்றை அவரிடம் மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டையும் கலந்தே இங்கே தந்திருக்கிறேன்.

அறிமுகம் செய்துகொள்ளும்போது என்ன சொல்ல வேண்டும்?

பெயர், வேலை, ஊர் எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த எஃகு, எவ்வளவு கனம், எதில் சூடாக்கினீர்கள், சூடான எஃகை எதில் தோய்த்து இறுக்கினீர்கள், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் டெம்பர் (தோய்த்த அலகை மிதமான சூட்டில் வைத்து, நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) செய்தீர்கள், அந்தக் கத்தியால் எதை வெட்டப் போகிறீர்கள். "சின்ன வயதிலிருந்தே எனக்குக் கத்தி என்றால் உயிர்" என்று தொடங்கினால் எல்லோரும் அன்பாக வரவேற்பார்கள், ஆனால் அதற்கு மேல் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. "3 மி.மீ. 1084 எஃகு, கேஸ் உலை, கனோலா எண்ணெய், 200 டிகிரியில் இரண்டு தடவை டெம்பர். முனைப் பக்கம் மட்டும் வளைந்துவிட்டது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கூட எழுந்து வந்து பதில் சொல்வார்.

கையில் என்ன கருவிகள் இருக்கின்றன, எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி பால்கனியில் அரத்தோடு வேலை செய்பவருக்குச் சொல்லும் வழியும், தனிக் கொட்டகையில் பெல்ட் கிரைண்டர் வைத்திருப்பவருக்குச் சொல்லும் வழியும் ஒன்றல்ல.

இன்னும் ஒரு கத்திகூடச் செய்யவில்லை. வரலாமா?

தாராளமாக. ஒரு காகிதத்தில் கத்தியை உண்மையான அளவில் வரைந்து எடுத்து வாருங்கள். அதை அட்டையில் வெட்டிப் பிடித்துப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. வரைபடத்தில் அழகாக இருக்கும் பிடி கையில் எடுத்ததும் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் போவது தினமும் பார்க்கிற சங்கதி. எஃகை வெட்டுவதற்கு முன்பே அதைத் திருத்திவிடலாம்.

சம்மட்டியும் பட்டறையும் இல்லாமல், பட்டையை வெட்டித் தேய்த்துச் செய்தால் அது கத்தி செய்ததாகுமா?

ஆகும். பட்டையிலிருந்து வேண்டாததைத் தேய்த்து எடுக்கும் முறைக்கு ஸ்டாக் ரிமூவல் என்று பெயர். உலகம் முழுக்க வேட்டைக் கத்திகளில் இன்று பார்க்கும், முதுகு முனையை நோக்கிச் சரிந்து இறங்கும் டிராப் பாயிண்ட் முனையைப் பரவலாக்கிய அமெரிக்கர் பாப் லவ்லெஸ் அந்த முறையில்தான் பேர் வாங்கினார். அடித்துச் செய்வதில் வேறு வசதிகள் உண்டு. பொருள் வீணாவது குறைவு, முதுகிலிருந்து முனைவரை கனத்தை அடித்தே மெலிதாக்கலாம், சின்னத் துண்டிலிருந்து அகலமான அலகை இழுக்கலாம். ஆனால் இன்றைய ஆலை எஃகை அடிப்பதாலேயே அதற்குத் தனிப் பலம் ஏறிவிடும் என்பது வெறும் பேச்சு. தாறுமாறாகச் சூடாக்கி அடித்தால் உள்ளே இருக்கும் படிக மணிகள் பெருத்துக் கெட்டுப்போகும், அதைச் சரிசெய்யத் தனியாக வேலை பார்க்க வேண்டும். அதனால் என் யோசனை, முதல் சில கத்திகளை ஸ்டாக் ரிமூவலில் செய்யுங்கள். கூடவே பக்கத்தில் சுத்தியும் கையுமாக ஆணி, கொக்கி என்று அடித்துப் பழகுங்கள்.

முதல் கத்திக்கு எந்த எஃகு?

1084. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கார்பன் சுமார் 0.84 சதவீதம், அதாவது கரைய வேண்டிய கார்பன் முழுவதும் அதிக நேரம் பிடித்துவைக்காமலே கரைந்துவிடும் அளவு. கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத சாதாரண உலையிலேயே ஒழுங்கான கத்தி தரக்கூடியது. 1095 கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் கார்பன் கூடுதல், மாங்கனீஸ் குறைவு. அது இறுக வேண்டுமானால் முதல் ஒரு நொடிக்குள் சூடு மடமடவென்று இறங்க வேண்டும், சாதாரண எண்ணெய் அதற்குத் தோதுப்படாது. 5160 வில்பட்டை வகை, பெரிய கத்திக்கு நல்லது. 52100, ஓ1 இரண்டும் அருமையான எஃகுகள்தான், ஆனால் குறிப்பிட்ட சூட்டில் நிறுத்திவைக்க உங்களிடம் மின்சார உலை இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஇபி-எல், 14சி28என் போன்றவற்றுக்கு 1050 டிகிரியையும் தாண்டிய சூடு வேண்டும், காற்றுப் படாமல் உறையில் சுற்ற வேண்டும். கேஸ் உலையில் குத்துமதிப்பாகச் செய்கிற வேலை அல்ல. வடிவத்தை நீங்கள் செய்துவிட்டு, இறுக்கும் வேலையை அதற்கென்று இருக்கும் ஆலையிடம் கொடுங்கள். அப்படிச் செய்ததை அறிமுகத்தில் சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை, அது அறிவான முடிவு.

லாரி வில்பட்டை, பழைய அரம், ரம்பத் தகடு கிடைக்கிறது. காசு மிச்சம்தானே?

காசு மிச்சம், நேரம் செலவு. அது என்ன எஃகு என்று யாருக்கும் தெரியாது, எனவே யாராலும் உங்களுக்குச் சூட்டு அளவு சொல்ல முடியாது. பழைய வில்பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம், பல மணி நேரம் தேய்த்து முடித்து எண்ணெயில் விட்ட பிறகுதான் அவை வாய் திறக்கும். அரங்களிலும் சில மேல்தோல் மட்டும் இறுக்கப்பட்டவை, உள்ளே மென் இரும்பு.

இருந்தும் ஆசை விடவில்லையா? அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். சூடாக்கித் தோயுங்கள். ஆறியதும் டெம்பர் செய்யாமலே வைஸில் பிடித்து, கண்ணாடி அணிந்துகொண்டு, துணி சுற்றி ஒரே அடியில் ஒடியுங்கள். வளைந்தால் அது கத்திக்கு ஆகாது, அல்லது சூடு போதவில்லை. ஒடிந்தால் ஒடிந்த முகத்தைப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில், வெல்வெட் மாதிரி வழவழப்பாக இருந்தால் சரியான சூடு. சர்க்கரை கொட்டியதுபோல் பளபளவென்று மணிமணியாகத் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. தெரிந்த எஃகுக்கும் இதே சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. அந்த ஒடிந்த துண்டையும் அறிமுகத்தின்போது கொண்டுவருபவரை நாங்கள் தனி மரியாதையோடு பார்ப்போம்.

இறுக்குவது எப்படி? காந்தம் ஒட்டாமல் போனால் போதும் என்கிறார்களே?

போதாது. இதில்தான் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழக்கிறது. 1084 தோய்க்க வேண்டிய சூடு 815 டிகிரிக்குப் பக்கத்தில். எனவே காந்தம் ஒட்டாமல் போவது "இன்னும் கொஞ்சம்" என்பதற்கான அடையாளம்தான். அதற்கு மேல் ஒரு நிழல் அளவு சிவப்பு கூட வேண்டும். அந்தச் சூட்டில் அலகு முழுக்க ஒரே நிறமாக ஓரிரு நிமிடம் நின்றால் போதும்.

வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வேலை செய்தால் இன்னொன்றும் தெரியும். எஃகின் உள்ளமைப்பு மாறும் தருணத்தில் அது வெப்பத்தை உள்வாங்கிக்கொள்கிறது, அதனால் சிவந்த அலகின் மேல் கருநிழல்கள் மெல்ல நகர்வதைக் காணலாம். மெல்லிய வாய்ப்பகுதியிலும் (வெட்டும் விளிம்பு) முனையிலும் நிழல் முதலில் கலையும், தடித்த முதுகுப் பக்கம் கடைசியாகக் கலையும். நிழல் எங்குமே இல்லாமல் அலகு ஒரே சீராகச் சிவந்தால் நேரம் நெருங்கிவிட்டது. ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு காந்தத்தைத் தேட மாட்டீர்கள். பட்டப்பகலில் வெயிலில் நின்று செய்தால் எதுவும் தெரியாது, சூடு மிஞ்சிப்போகும்.

எண்ணெயை முன்கூட்டியே 50 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி வையுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடும், அலகைச் சுற்றி ஆவிப்படலம் தங்காமல் சூட்டை வேகமாக இழுக்கும். முனை கீழே, நேர் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாகவோ வெட்டுகிற திசையிலோ அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் மட்டும் முதலில் குளிர்ந்து அலகு வளையும். பாத்திரம் இரும்பாகவும் உயரமாகவும் இருக்கட்டும், பக்கத்திலேயே மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடினாலே அணைந்துவிடும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியவுடன் டெம்பர். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள், அந்த நிலையில் அலகு கண்ணாடிக்குச் சமம். கீழே விழுந்தால் இரண்டாகும். சுமார் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். 1084 இதில் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சிறிய மின் அடுப்புகளின் முள் காட்டும் சூடு நம்பத்தக்கதல்ல, உள்ளே தனி வெப்பமானி ஒன்று வையுங்கள்.

பழைய எஞ்சின் ஆயில் ஆகாதா? தண்ணீர்?

எஞ்சின் ஆயில் வேண்டாம். அதன் புகையில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அது மெதுவான எண்ணெயும்கூட. கனோலா போன்ற சமையல் எண்ணெய் 1084க்குத் தாராளம். தண்ணீரும் உப்புநீரும் வேகமானவை, ஆனால் "டிங்" என்ற அந்தச் சத்தம் கேட்டால் அலகு வெடித்துவிட்டது என்று அர்த்தம்.

இறுகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல அரம் ஒன்றை வாய்ப்பகுதியில் இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் இறுகியிருக்கிறது. கடித்தால் உடனே மனம் தளர வேண்டாம். சூட்டில் கார்பன் இழந்த மெல்லிய மேல்தோல் இருக்கும், அதைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் கடித்தால்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

அலகு வளைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. எண்ணெயிலிருந்து எடுத்தவுடன், சூடு 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, சில விநாடிகள் எஃகு இன்னும் முழுதாக இறுகாமல் சொல்பேச்சு கேட்கும். கையுறையோடு அப்போதே நிமிர்த்தலாம். அது தவறிப்போனால் டெம்பர் செய்யும்போது அலகைக் கனமான இரும்புப் பட்டையோடு கிளாம்ப் போட்டு, வளைவுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் மிகையாக வளைத்துக் கட்டி உள்ளே வையுங்கள். ஆறியபின் எடுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். டெம்பர் செய்யாத அலகைக் குளிர்ந்த நிலையில் சுத்தியால் தட்டாதீர்கள்.

ஏன் வளைந்தது என்பதற்கு இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்காததும் உலைக்குள் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடானதும்தான் பெரும்பாலும் காரணம்.

பெல்ட் கிரைண்டர் இல்லாமல் முடியுமா?

முடியும், கை வலிக்கும். ஒரு நல்ல அரம், அதை ஒரே கோணத்தில் பிடித்து ஓட்டும் எளிய சட்டம், மணல் தாள், பொறுமை. அரத்தில் செய்த அலகின் சாய்வு பல சமயம் புதியவரின் கிரைண்டர் வேலையைவிடச் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அரம் ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடாது. கிரைண்டர் வாங்குவதானால் பலரும் கடைசியில் போய்ச் சேர்வது 2 அங்குல அகலம், 72 அங்குல நீளப் பெல்ட் ஓட்டும் வகை. முதலிலேயே அதில் இறங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பெல்ட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாது, சூடு மட்டும் கிளப்பும்.

என் கத்தி கூர்மையாக இருக்கிறது, ஆனால் வெட்ட மாட்டேன் என்கிறது. ஏன்?

தடிமன். அறிமுகக் கத்திகளில் பத்துக்கு எட்டாவது இந்த ரகம், 5 மி.மீ. பட்டையில் செய்து, சாய்வு பாதி உயரம்கூட ஏறாமல், ஆப்பு மாதிரி இருக்கும். மயிரைச் சிரைக்கும், கேரட்டைப் பிளக்கும். கூர்மை என்பது கடைசி நுனி, வெட்டு என்பது அதன் பின்னால் இருக்கும் கனம். சமையலறைக் கத்திக்கு 2 முதல் 2.5 மி.மீ. பட்டை, வெளி வேலைக் கத்திக்கு 3 மி.மீ. பட்டை தாராளம்.

பட்டையின் வாய்ப்பக்கத்தில் மார்க்கரால் நிறம் பூசி, பட்டையின் அதே கனமுள்ள டிரில் பிட்டைச் சமதளத்தில் படுக்கவைத்து அதன் நுனியால் கீறுங்கள். சரியாக நடுக்கோடு விழும். அதற்கு இருபுறமும் தேய்த்து வந்து, தோய்ப்பதற்கு முன் வாயில் 0.6 மி.மீ. அளவு விட்டுவையுங்கள். அதைவிட மெலிதாக்கினால் எண்ணெயில் அலையலையாக நெளியும். டெம்பர் முடிந்தபின் மீதியைத் தேய்த்து, சமையல் கத்தியானால் 0.3 மி.மீ. வரை இறக்கி, அதன் பிறகே பக்கத்துக்கு 15 டிகிரியில் சாணை. இந்தக் கடைசித் தேய்ப்பில் அலகை வெறும் விரலால் பிடியுங்கள். சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாரித்தால் அங்கே 290 டிகிரியைத் தாண்டிவிட்டது, அந்த இடத்தின் பதம் போய்விட்டது.

பிடி போடும்போது கவனிக்க வேண்டியது?

மிகார்ட்டா (துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகை) முதல் பிடிக்கு நல்லது; ஈரத்தில் உப்பாது, காய்ந்து சுருங்காது. மரமானால் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத் துண்டுகளின் முன்விளிம்பை, ஒட்டுவதற்கு முன்பே வடிவாக்கி மெருகிட்டு முடித்துவிடுங்கள். ஒட்டியபின் அங்கே கைவைத்தால் அலகில் கீறல் விழாமல் தேய்க்க முடியாது. ஒட்டும் முகங்களைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் எப்பாக்ஸிப் பசையைப் பூசுங்கள். கிளாம்பை அளவோடு முடுக்குங்கள். முழு பலத்தோடு முடுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கிவிடும்.

வாங்கிய அலகுக்குப் பிடி மட்டும் போட்டேன். நான் செய்த கத்தி என்று சொல்லலாமா?

"பிடி நான் போட்டது" என்று சொல்லுங்கள். அதுவும் வேலைதான், பாராட்டும் கிடைக்கும். வாங்கிய டமாஸ்கஸ் (கோலம் தெரியும் அடுக்கு எஃகு) பட்டையில் செய்திருந்தாலும் அப்படியே, பட்டை வாங்கியது என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மறைத்துவைத்தால் அடுத்த கேள்வியே "எத்தனை அடுக்கு, எந்த இரண்டு எஃகு?" என்று வரும்.

டமாஸ்கஸ் என்றால் பழைய வூட்ஸ் தானே?

வேறு வேறு. இன்று டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் 1084, நிக்கல் கலந்த 15என்20 போன்ற இரண்டு எஃகுகளை அடுக்கி, உலையில் ஒட்டவைத்து, மடித்து அடித்தது. எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்தால் நிக்கல் அடுக்கு வெள்ளையாகவும் மற்றது கருப்பாகவும் தெரியும். இந்த வேலையை அமெரிக்காவில் மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கத்திக்கொல்லர் பில் மோரன், 1973இல் தன் கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கத்திக்கொல்லர் சங்கத்தின் பின்னாலும் அவர் இருந்தார். வூட்ஸ் என்பதோ மூசையில் உருக்கி எடுத்த எஃகு, அதன் கோலம் உள்ளேயே விளைவது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் இருப்பது அதற்கு முக்கியம் என்பதை உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக்கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேவும் சேர்ந்து செய்த சோதனைகள் காட்டின.

செய்த கத்தி நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

மேலே சொன்ன சொசைட்டியின் முதல்நிலைத் தேர்வைப் பார்த்தால் ஒரு அளவுகோல் கிடைக்கும். தொங்கவிட்ட 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், இரண்டு கட்டைச் சட்டங்களை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதன் பிறகும் அதே வாய் கை மயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைத்தால் உடைந்து விழக் கூடாது. சமையல் கத்திக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை. அதை ஒரு மாதம் சமையலறையில் போட்டுவிடுங்கள், குறை தானாகத் தெரியும்.

விமரிசனம் கடுமையாக வருமா?

கேட்டால் வரும். "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் "அருமை" என்று முடிந்துவிடும். "சாய்வு தொடங்கும் கோடு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். படம் காட்டுவதானால் அழகுக் கோணம் ஒன்று போதும், முதுகிலிருந்து கீழ்நோக்கி ஒன்று, வாயை நேராகப் பார்த்து ஒன்று, பிடிக்கும் எஃகுக்கும் இடையிலான இணைப்பு ஒன்று கட்டாயம்.

நண்பர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதல் சிலவற்றைச் சும்மா கொடுங்கள், ஆறு மாதம் கழித்துத் திருப்பி வாங்கிப் பாருங்கள். எங்கே துரு, எங்கே வாய் மடங்கியது, பிடி எங்கே விலகியது என்று அதில் தெரியும் அளவுக்கு வேறு எதிலும் தெரியாது. விற்பதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். செய்வது, விற்பது, வெளியில் எடுத்துச் செல்வது மூன்றுக்கும் விதிகள் வேறு.

பாதுகாப்பு?

கண்ணாடி, காதடைப்பு எல்லோரும் சொல்வார்கள். மறந்துபோவது நுரையீரல். ஜி10 கண்ணாடி இழை, கார்பன் ஃபைபர், சிப்பி, ரோஸ்வுட் வகைகள், எதன் தூசியும் உள்ளே போகக் கூடாது. வடிகட்டி மாட்டும் அரைமுக மாஸ்க் போடுங்கள், துணி முகமூடி எதற்கும் உதவாது. துத்தநாகம் பூசிய இரும்பை உலைக்குள் விடவே கூடாது. சுழலும் இயந்திரத்தின் முன் துணிக் கையுறை ஆகாது. மரத்தூள் சேரும் தொட்டியில் எஃகுப் பொறி விழ விடாதீர்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது மெருகுச் சக்கரம்தான். மென்மையான துணி என்று நினைப்போம். வாய் விளிம்பில் சிக்கினால் கத்தியைப் பிடுங்கி நம் பக்கமே வீசும்.

நேரில் சந்திக்கும்போது மற்றவர் கத்தியைப் பார்ப்பது எப்படி?

கேட்டுவிட்டு எடுங்கள். கைக்குக் கை மாற்றாமல் மேசையில் வைத்து, மற்றவர் எடுத்துக்கொள்ள விடுங்கள். கூரைப் பார்க்க விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டக் கூடாது, மடக்குக் கத்தியைப் படபடவென்று திறந்து மூடக் கூடாது. கார்பன் எஃகில் விரல் ஈரம் பட்ட இடம் சீக்கிரமே கறுக்கும், எனவே வைக்கும் முன் அலகைத் துடைத்துவிடுங்கள். துணி இல்லையென்றால் கேளுங்கள், எல்லோர் பையிலும் ஒன்று இருக்கும்.